‘அறை எண் 305-இல் கடவுள்’: விமரிசனங்கள் காணத் தவறியது

முன்னுரை

சிம்புதேவன் இயக்கத்தில், இயக்குநர் ஷங்கரின் தயாரிப்பில் 2008 ஏப்ரலில் வெளிவந்த திரைப்படம் ‘அறை எண் 305-இல் கடவுள்’. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் வேலையின்றித் தங்கியிருக்கும் இரு இளைஞர் (சந்தானம், கஞ்சா கருப்பு) கடவுளை ஏசுகின்றனர். அவரும் (பிரகாஷ்ராஜ்) அவர்கள்முன் தோன்றுகிறார். இப்படத்தை மதிப்பிட்டோர் இரண்டு அளவுகோல்களையே பெரிதும் கையாண்டனர். ஒன்று, சிம்புதேவனின் முதற்படமான ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006). மற்றொன்று, ‘புரூஸ் ஆல்மைட்டி’ (2003) என்னும் அமெரிக்கப் படம். முன்னதனோடு ஒப்பிட்டுச் சிரிப்புக் குறைவு என்றும், பின்னதனோடு ஒப்பிட்டுத் தழுவல் என்றும் கூறினர். இம்மதிப்பீடு போதுமானதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடையும் களவும்

அமெரிக்கப் படத்தில் கடவுள் தம் ஆற்றலைத் தாமே மனிதனுக்கு அளிக்கிறார். தமிழ்ப்படத்திலோ அது திருடப்படுகிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. கொடையாயின் சோதனைக்கு உள்ளாகுபவன் மனிதன் மட்டுமே. களவாயின் கடவுளும் சோதனைக்கு உள்ளாகிறார். ஆற்றல் இழந்த அவர் மேன்ஷன்வாசிகளுள் ஒருவராய் வாழ நேர்கிறது. தழுவல் என்ற சொல்லோடு நின்றுவிடும் விமரிசனம் இத்திருப்பத்தை எடைபோடுவதில்லை.

திருவல்லிக்கேணிக்கு வழி

மனிதரோடு தங்கவரும் கடவுளைப் புதுமைப்பித்தன் 1943இலேயே படைத்துவிட்டார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வரும் கடவுள் வழி கேட்பதும் திருவல்லிக்கேணிக்கே. இதுகொண்டு நேரடித் தாக்கத்தை நிறுவ இயலாது. எனினும் ஒப்பீடு பயனுடையது. பிள்ளை அஞ்சுவதில்லை, தம் வைத்திய இதழுக்குக் கடவுளிடமே ஆயுள்சந்தா பெறுகிறார். பிழைப்புக்காக ஆடிக்காட்டியும் தோற்ற கடவுள், மனிதரோடு உடன்வாழ்தல் தமக்கு அரிது எனக் கண்டு விடைபெறுகிறார். அத்தோல்வியே கதையின் அங்கதம். காளமேகப் புலவரின் நிந்தாத்துதியைப் பயின்ற தமிழருக்கு இவ்வுரிமை புதிதன்று.

305ஆம் அறைக் கடவுளோ உடன்வாழ வல்லவர். ஆயின் அறிவுரை கூறுபவராகவே வாழ்கிறார். மேன்ஷன் மாந்தர் அவரால் திருந்துகின்றனர். அவர்களால் அவர் மாறுவதில்லை. வேலையின்மைக்கு யார் பொறுப்பு என்று எழுந்த வினா, உழைப்பும் நல்லெண்ணமும் வேண்டும் என்ற அறவுரையில் அடங்கிவிடுகிறது. பிற்பகுதியில் அறிவுரை மிகுதி என விமரிசகர் சிலர் சலித்துக்கொண்டது சரியே. ஆனால் அதனைச் சுவைக்குறையாகக் கொண்டனரேயன்றிக் கருத்துக்குறையாகக் கொண்டாரில்லை.

முடிவுரை

‘மூக்குத்தி அம்மன்’ (2020) படத்திலும் இந்நிலை தொடர்கிறது. அங்கு வினாக்கள் போலிச் சாமியாரை நோக்கித் திரும்புவதால் தெய்வம் தப்பிவிடுகிறது. கடவுளை நகைச்சுவைக்குரியவராக்கும் படங்களை மதிப்பிடுகையில், எங்கிருந்து எடுத்தது, எவ்வளவு சிரிக்க வைத்தது என்பவற்றினும், மனிதன் கேட்ட வினாவுக்குக் கடவுள் விடைகூற நேர்ந்ததா என்பதே முதன்மையான அளவுகோல் எனலாம்.