வண்டி நிற்காத விடுதி

டாஃப்னே டு மோரியரின் ‘ஜமைக்கா இன்’ (1936) நாவலைக் கடத்தல் கதை என்றுதான் பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். 1939இல் ஹிட்ச்காக் எடுத்த படமும் அப்படியே பதியவைத்துவிட்டது. நான் அதை ஒரு மதுவிடுதியின் கதையாகத்தான் வாசித்தேன்.

விடுதி நிஜமானது. இங்கிலாந்தின் கார்ன்வாலில், பாட்மின் பொட்டல்வெளியில் 1750இல் கட்டப்பட்டது. பயணிகள் சாப்பிட, குடிக்க, இரவு தங்க, குதிரை மாற்ற எழுந்த இடம். 1778இல் லாயமும் வண்டிக்கொட்டகையும் சேர்ந்தன. வியாபாரம் நன்றாகவே போயிருக்க வேண்டும், இல்லையா? அந்தக் காலத்தில் மதுவிடுதி நடத்த உள்ளூர் நீதிபதிகளின் உரிமம் வேண்டும். பெயர் கெட்டால் பிழைப்பும் போகும்.

நாவலில் எல்லாம் தலைகீழ். வண்டிகள் அங்கே நிற்பதே இல்லை. சாட்டையைச் சொடுக்கிக்கொண்டு பறக்கின்றன. தாயை இழந்த மேரி, சித்தியை நம்பி வந்து சேரும்போது வீடே இருண்டு கிடக்கிறது. சித்தியின் கணவன் ஜோஸ் மெர்லின் விற்க வேண்டியதைத் தானே குடிக்கிறான். குடித்தால் அவன் கொன்றவர்கள் கனவில் வருகிறார்கள். விடுதிக்காரனே விடுதியின் கைதி. ஒரு முரட்டு வில்லனைப் பயந்த மனிதனாக மாற்றிக் காட்டும் அந்த இடம்தான் நாவலின் சாதனை.

ஆனா அந்த வீட்டை உண்மையில் தாங்கி நிற்பது யார்? சித்தி பேஷன்ஸ். சோறு போடுபவளும் அவள்தான், கணவனின் ரகசியத்தைச் சுமப்பவளும் அவள்தான். டு மோரியர் அவளை நடுங்கும் நிழலாகவே விட்டுவிடுகிறார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கணவன் இறந்தபின் மதுவிடுதியைத் தானே ஏற்று நடத்திய விதவைகள் பலர் உண்டு. அந்தப் பெண்களின் கைத்திறனில், வாய்ச்சாமர்த்தியத்தில் கொஞ்சம்கூட பேஷன்ஸுக்குக் கிடைக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய குறை.

இது நாவலோடு நின்றுவிடவில்லை. பொய் விளக்கு காட்டிக் கப்பல்களைக் கரைதட்ட வைத்தார்கள் என்பதற்கு வரலாற்றில் சான்று மிகக் குறைவு. ஆனாலும் விடுதியில் கடத்தல் அருங்காட்சியகம் வந்துவிட்டது. ஆட்கள் ஜோஸைத் தேடி வருகிறார்கள். அங்கே நிஜமாகப் பீர் ஊற்றி, படுக்கை விரித்து, கணக்கு எழுதியவர்களை யார் தேடுகிறார்கள்? இட்டுக்கட்டிய ஒருவன் உழைத்தவர்கள் அத்தனை பேரையும் மறைத்துவிட்டான்.

இன்னொன்று. டு மோரியர் நாவல் எழுதிய காலத்தில் அது மது விற்காத விடுதி. முன்குறிப்பில் அவரே சொல்கிறார். அந்தச் சாதுவான கட்டடத்தில் ஒரு குடிகாரனைக் குடிவைத்து, உலகத்தையே நம்பவைத்தார் என்றால் சும்மாவா?

அவசியம் வாசியுங்கள். பேஷன்ஸ் அடுப்படியில் இருக்கும் பக்கங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாக.