விடைபெறும் குரல்

குழந்தைகளுக்கென்று சின்னத்திரையில் வரும் கார்ட்டூன் தொடர்களை விமரிசனத்துக்கு உரிய பொருளாக நாம் பெரும்பாலும் கருதுவதில்லை. குழந்தை சோறு உண்ணும் வரை ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆயினும் ஓசூர் சிப்காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் மாலை வேளையில் நடந்து செல்பவரின் காதில் ஒரு விந்தை விழக்கூடும். ஒரே நீலநிறப் பூனை ஒரு வீட்டில் தமிழ் பேசும். அடுத்த வீட்டில் தெலுங்கு பேசும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த குடும்பம் தங்கியிருக்கும் மாடி அறையில் இந்தி பேசும். மும்மொழியும் புழங்கும் நம் எல்லைப்புறத்துக்கு ஏற்ற பூனைதான்.

அதன் பெயர் டோரேமான். இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த, காதுகள் இல்லாத இயந்திரப் பூனை. சோம்பேறியும் அழுமூஞ்சியுமான நோபிதா என்ற சிறுவனுக்குத் துணையாக அவன் வீட்டு அலமாரியில் உறங்குகிறது. தன் வயிற்றுப் பையிலிருந்து அற்புதக் கருவிகளை எடுத்துத் தருகிறது. இதற்கு ஜப்பானிய மொழியில் 26 ஆண்டுகள் குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்னும் அம்மையார். 2005-இல் அவர் அப்பாத்திரத்திலிருந்து விடைபெற்றார். 2024 செப்டம்பர் 29-ஆம் நாள் தமது 90-ஆம் வயதில் காலமானார். ஜப்பானின் எல்லைகளுக்கு அப்பாலும் அவருடைய மறைவு செய்தியாயிற்று. நம் வீடுகளில் அதே பூனையைப் பேசவைத்தவர்கள் யார் என்று அப்போதும் நாம் கேட்கவில்லை. இக்கட்டுரையின் கவலை அதுதான். எனினும், ஓயாமாவின் கலையை முதலில் பார்த்துவிடுவோம்.

இளமையிலேயே அவருடைய குரல் கரகரப்பானது. பள்ளியில் உடன் படித்தவர்கள் கேலி செய்ததால் வாய் திறக்கவே கூசிய பெண் அவர். குரல் விநோதமாயிருக்கிறது என்று ஒளித்துவைத்தால் பேச்சே நின்றுபோகும், மாறாக அதைப் பயன்படுத்தும் இடத்தைத் தேடு என்று தாயார் அறிவுறுத்தியதையும், அதன்பின் பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் தாம் சேர்ந்ததையும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நாம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கோ மதுரைக்கோ படிக்கச் சென்றால், தெலுங்கும் கன்னடமும் ஊடாடும் அவர்களுடைய தமிழைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இன்றும் உண்டு. சிரிப்புக்கு ஆளான குரலே ஒரு நாட்டின் குழந்தைகளுக்கெல்லாம் நெருக்கமான குரலாயிற்று என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பாக நமக்குப் படவில்லை.

1979 ஏப்ரல் 2-ஆம் நாள் டிவி அசாகியில் தொடர் தொடங்கியது. அதற்கு முன் 1973-இல் வேறொரு நிறுவனம் இதே கதையை எடுத்து, சில மாதங்களிலேயே நிறுத்தியிருந்தது. ஓயாமா பாத்திரத்தை எழுதிக் கொடுத்தபடி மட்டும் பேசவில்லை. எதிர்காலத்திலிருந்து பிள்ளை ஒருவனைக் காக்க வந்த இயந்திரம் தீய சொல் பேசாது என்று முடிவுசெய்து, கடுஞ்சொற்களைத் தவிர்த்தார். வணக்கம் கூறித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பணிவான வழக்கத்தையும் அவரே சேர்த்தார். மூலக் கதையை வரைந்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ, டோரேமானின் குரல் இப்படித்தான் இருக்கும் என்பதை இப்போதுதான் அறிந்ததாகத் தம்மிடம் சொன்னார் என்பதும் ஓயாமாவின் நினைவு. படைத்தவருக்கே தம் படைப்பை அறிமுகம் செய்துவைத்த குரல் அது.

ஆணென்றும் பெண்ணென்றும், சிறுவரென்றும் முதியவரென்றும் பிரித்துச் சொல்லவியலாத குரல். கண்டிக்கும்போது தொண்டைக்குள் உருளும். அடுத்த வரியிலேயே இளகும். வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்தால் பேரப்பிள்ளைக்கு எத்தகைய காவலோ அத்தகைய காவல் அதில் இருந்தது. 2005-இல் பொறுப்பேற்ற வசாபி மிசுதாவின் குரல் இலேசானது, துள்ளல் உடையது. அவருடைய டோரேமான் நோபிதாவின் தோழன். ஓயாமாவினுடையது அவனுடைய காப்பாளர். இரண்டுக்கும் நியாயம் உண்டு என்றாலும், பெற்றோர் இருவரும் முறைவேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியோடு தனித்திருக்கும் பிள்ளைக்கு முதல் குரலே கூடுதலாக வேண்டியிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவர் விடைபெற்ற முறையும் கவனிக்கத் தக்கது. 2001-இல் புற்றுநோய்க்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2004 நவம்பரில், முதன்மைக் குரல் கலைஞர்கள் ஐவரும் ஒருசேர விலகுவார்கள் என்று அறிவித்தார்கள். நோபிதாவாகப் பேசிய நொரிகோ ஓஹாரா உள்ளிட்ட ஐவரும் அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார்கள்; அவர்கள் பேசிய பிள்ளைகளோ பத்து வயதைத் தாண்டவே இல்லை. 2005 மார்ச் 18-ஆம் நாள் கடைசி ஒளிபரப்பு. ஏப்ரலில் புதிய ஐவர் வந்தார்கள். ஒருவர் மட்டும் போயிருந்தால் அந்தப் பழைய குடும்பத்துக்குள் ஓர் அந்நியக் குரல் மட்டும் தனியே நின்றிருக்கும். வருபவரை ஒவ்வொரு நாளும் போனவரோடு ஒப்பிட்டுக் குறை சொல்லியிருப்பார்கள். அம்முடிவு சரியானது என்பதே நம் கருத்து. அன்று கண்ணீர் விட்ட ரசிகர்கள் ஒருவேளை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

அமெரிக்கத் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ இதில் வேறு வழியில் செல்கிறது. 1989-இல் தொடங்கிய அதில் கலைஞர்கள் ஒவ்வொருவராக உதிர்கிறார்கள். மில்ஹவுஸ் என்ற சிறுவனாக 35 ஆண்டுகள் பேசிய பமேலா ஹேடன் 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார். பாத்திரம் வேறு குரலுக்குக் கைமாறியது. ஆனால் ஆசிரியை எட்னாவாகப் பேசிய மார்சியா வாலஸ் 2013-இல் இறந்தபோது, அந்த ஆசிரியையையும் கதையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள்.

அத்தொடரிலேயே நம்மைத் தொடும் விலகல் ஒன்றும் உண்டு. கடை நடத்தும் இந்தியரான அப்பு என்ற பாத்திரத்துக்கு ஹேங்க் அசாரியா என்ற வெள்ளையர் மிகைப்படுத்திய இந்திய உச்சரிப்பில் பேசிவந்தார். அந்த உச்சரிப்பைச் சொல்லிச் சொல்லியே தம் தலைமுறை கேலி செய்யப்பட்டதை நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஓர் ஆவணப்படத்தில் எடுத்துக்காட்டினார். 2020 ஜனவரியில், இனி அப்புவாகப் பேசப்போவதில்லை என்று அசாரியா அறிவித்தார். முதுமையும் நோயும் காரணமல்லாத, மனச்சான்று காரணமான விடைபெறல் அது. தமிழ் நகைச்சுவைக் காட்சிகளில் மலையாளத் தேநீர்க் கடைக்காரரும், வட்டிக்கடை சேட்டும் எத்தனை பத்தாண்டுகளாக அதே வேலைக்குப் பயன்பட்டுவருகிறார்கள்! அவர்களில் எந்தக் குரலும் இப்படி விலகியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பெயர் சொல்லிக் குரலை அறியும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலியில் தில்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி, தம் பெயரைச் சொல்லிவிட்டே செய்தியைத் தொடங்குவார். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, அவர் முகத்தை ஒருநாளும் கண்டிராதவர்கள் தம் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் பேசினார்கள். ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லப்பட்டதால் விளைந்த உறவு அது.

திரைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. எண்பதுகளில் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பாடும் வேடங்களால் ‘மைக்’ மோகன் என்றே பெயர்பெற்ற நடிகருக்குப் பல படங்களில் பேச்சைத் தந்தவர் எஸ்.என். சுரேந்தர்; பாட்டைத் தந்தவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். மைக் ஒருவர் கையில், குரல் வேறிருவருடையது! பாடியவரை நாடே அறியும். பேசியவரைத் திரைச் செய்திகளை ஆர்வமாகத் தொடர்பவர்களே அறிவார்கள். கார்ட்டூனில் நிலைமை இன்னும் மோசம். 2007-இல் சுட்டி டிவி தொடங்கியபின் ‘டோராவின் பயணங்கள்’ பார்த்து வளர்ந்தவர்கள் இன்று ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் வயதினர். அந்தத் தமிழ்க் குரலை இரண்டு சொல் கேட்டாலே அடையாளம் காண்பார்கள். பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். இந்தி டோரேமானாகச் சிறுமிப் பருவத்திலிருந்தே பேசிய சோனல் கௌஷலின் பெயர் பரவியதுகூட, பெரிதும் அவரே காணொளிகளில் தோன்றிப் பேசிய பிறகுதான். தொடரின் முடிவில் ஓடும் எழுத்துகளில் தமிழ்க் குரல் கலைஞர்களுக்கு ஒரு வரி கிடைப்பதை நாம் காண்பது அரிது.

ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கதை வேறு. 1960-களில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, டப்பிங் படங்கள் கன்னடத்தில் வராதபடி அங்குள்ள திரைத்துறை பல பத்தாண்டுகள் தடுத்துவந்தது. அதற்குச் சட்டம் ஏதும் இல்லை, கட்டுப்பாடு இருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் அதைத் தவறென்று தீர்ப்பளித்தது. உள்ளூர்க் கலைஞரின் பிழைப்பைக் காக்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். குழந்தைக்குத் தாய்மொழியில் கதை கேட்கும் உரிமையை அது குறைத்தது என்பதால் நாம் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் கதவை அகலத் திறந்துவைத்த நாமும், உள்ளே வந்து பேசிய கலைஞரின் பெயரைக் கேட்டோமில்லை.

பெயரில்லாதவர் விலகும்போது எவருக்கும் தெரிவதில்லை. ஒருநாள் குரல் சற்றே மாறியிருக்கும். இது வேறு மாதிரி இருக்கிறதே என்று குழந்தை மட்டும் சொல்லும். பெரியவர்கள் பேசாமல் சாப்பிடு என்பார்கள்.

குரலையே கணினி உருவாக்கித் தரும் காலத்தில் இந்த அலட்சியத்தின் விலை கூடிவிட்டது. 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், 1997-இல் மறைந்த ஷாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக அவர் தெரிவித்தார். இறந்தவரைப் பாடவைப்பது முறைதானா என்ற விவாதம் தனியே நடக்கட்டும். அந்த இருவரின் பெயரும் தெரிந்திருந்ததால்தான் குடும்பத்தாரைத் தேடிப்போக முடிந்தது. டோராவுக்கும் டோரேமானுக்கும் தமிழ் தந்த குரல்களை நாளை ஒரு நிறுவனம் இவ்வாறே பயன்படுத்த விரும்பினால், எந்த வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்கும்?