அனபாலிக் ஸ்டீராய்டுகள்: பயனும் கேடும் ஒரே வேரில்

ஆண்களின் விந்தகத்தில் பெருமளவு சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனும், அதன் மூலக்கூற்றில் சிறு மாற்றங்கள் செய்து ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட சேர்மங்களும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் எனப்படுகின்றன. ஆஸ்துமாவுக்கும் மூட்டு அழற்சிக்கும் தரப்படும் ஸ்டீராய்டுகள் வேறு வகையைச் சேர்ந்தவை; அவை தசையை வளர்ப்பதில்லை, நெடுநாள் உட்கொண்டால் தசையை மெலியவே செய்யும். விந்தகம் போதிய ஹார்மோன் சுரக்காத ஆண்களுக்கும், எய்ட்ஸ் போன்ற நோய்களால் உடல் உருகிப்போனவர்களுக்கும், சிலவகை இரத்தசோகைக்கும் அனபாலிக் மருந்துகள் பயன்பட்டுள்ளன. அப்பயனை மறைத்துவிட்டு அவற்றை நஞ்சு என்று மட்டும் பேசுவது நேர்மையாகாது.

நேர்மை தவறியதால் விளைந்த கேட்டை மருத்துவ உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. இம்மருந்துகள் ஆட்டத்திறனைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1977இல் அறிவித்தபோது, பளுதூக்கும் கூடங்களில் இருந்தவர்கள் தங்கள் உடலிலேயே அதற்கு மாறானதைக் கண்டுகொண்டிருந்தனர்; எனவே அதே மருத்துவர்கள் ஈரலையும் இதயத்தையும் பற்றி எச்சரித்தபோது அதையும் அவர்கள் நம்பவில்லை. அந்த நிலைப்பாடு 1980களில் திருத்தப்பட்டது. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு எஞ்சிய ஐயத்தையும் நீக்கியது. 43 ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை அளவைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கான 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் வாரந்தோறும் ஊசிவழி செலுத்தப்பட்டது. பத்து வாரங்களில் உடற்பயிற்சியே செய்யாமல் ஊசி மட்டும் பெற்றவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சுமார் 3 கிலோ கூடியது, மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோவும், இரண்டையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சுமார் 6 கிலோவும் கூடின.

ஆயினும், பத்து வாரம் என்பது கேட்டை அளக்கப் போதாத காலம். தசைச் செல்லிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தோடு இணைந்து புதிய புரதத்தைக் கட்டச் செய்யும் அதே ஹார்மோன், குரல்வளையிலும் மயிர்க்காலிலும் இதயத்திலும் உள்ள ஏற்பிகளோடும் இணைகிறது. தசைவளர்ப்பை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேதியியலாளர் பல்லாண்டுகள் முயன்றும் முழு வெற்றி கிட்டவில்லை. இரத்தத்தில் ஹார்மோன் மிகுந்திருப்பதை உணரும் மூளை, விந்தகத்தைத் தூண்டும் பிட்யூட்டரிச் சுரப்பியை அடக்கிவிடுவதால் விந்தகம் சுருங்கி விந்தணு குன்றுகிறது. மிகுதியின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆண்களுக்கு மார்பகம் பெருக்கிறது. வளரும் பருவத்தினருக்கு எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்வதால் உயரம் நின்றுபோகலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, ஸ்டீராய்டு பயன்படுத்தாத பளுதூக்குவோரிடம் சராசரியாக 63 விழுக்காடாகவும் பல்லாண்டு பயன்படுத்தியவர்களிடம் 52 விழுக்காடாகவும் இருந்தது.

தடையே கேட்டுக்குக் காரணம், மருத்துவர் மேற்பார்வையில் அனுமதித்தால் தீங்கு அகலும் என்று வாதிடுவோர் உண்டு. கள்ளச்சந்தைக் குப்பிகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது, தூய்மையற்ற ஊசியால் தொற்று வருகிறது என்ற அளவில் அவ்வாதம் சரியானதே. ஆனால் கிழக்கு ஜெர்மனி 1974இல் அரசுத் திட்டமாகவே இதை வகுத்து, அரசு மருந்தாலையில் தயாரான ஓரல்-டுரினபோல் என்னும் நீல மாத்திரைகளை மருத்துவர்களின் கணக்குப்படியே வீரர்களுக்குக் கொடுத்தது. மருந்தின் தூய்மையிலும் மேற்பார்வையிலும் குறையில்லை. வைட்டமின் என்று சொல்லப்பட்டு அவற்றை விழுங்கிய பதின்ம வயதுச் சிறுமிகளின் குரல் தடித்தது, மாதவிடாய் குலைந்தது. தடித்த குரல் மருந்தை நிறுத்திய பின்னும் திரும்புவதில்லை. 2000ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தும், இருவரின் சிறைத்தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. இழைக்கப்பட்ட கொடுமைக்கு அது மிகமிகச் சிறிய தண்டனை.

இன்று பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் போட்டி வீரர்கள் அல்லர். தோற்றத்துக்காக ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்களே. அவர்களிடம் நிறுத்திவிடு என்று மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவமாகாது. அடங்கிப்போன சுரப்பி மீண்டும் விழிக்க மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலாக, ஆகிறது. அதுவரை சோர்வும் மனச்சோர்வும் பாலுணர்ச்சிக் குறைவும் வாட்டுவதால் பலர் மீண்டும் ஊசிக்கே திரும்புகின்றனர். ஹார்மோன் மருத்துவரும் மனநல மருத்துவரும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டிய காலம் அதுவே.