கடவுளுக்கு யார் தக்கார்?

போன ஆவணியில் காரைக்குடியில் ஒரு வக்கீல் என்னிடம் ஒரு பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். அப்பத்தாவுக்கு மறதி நோய் முற்றி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் பெரிய வீட்டில் பதினொரு பங்கு, அதில் ஒன்று அவருடையது. பாகப்பிரிவினை வழக்கில் அவருக்காக நான் காப்பாளராக நிற்க வேண்டும். "ஒண்ணுமில்ல தம்பி, ஃபார்மாலிட்டிதான், கையெழுத்தப் போடுங்க" என்றார். மூன்றாவது பத்தியில், வீட்டை விற்றுத் தன் பங்கைப் பணமாகப் பெறுவதே மேற்படியாரின் விருப்பம் என்று இருந்தது. நாளைக்கு வர்றேன் சார் என்று சொல்லிவிட்டு பிள்ளையார்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் போனில் வாசித்தது புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பத்தாவது தடவையாவது இருக்கும். 1943-இல் வந்த கதை. அதைப் பெரும்பாலும் பகடிக் கதையாகத்தான் வாசிக்கிறோம், நானும் அப்படித்தான் வாசித்திருந்தேன். கையில் அந்தப் பத்திரத்தோடு வாசித்தபோது வேறொரு கதை தெரிந்தது. தன் சார்பில் எதுவும் செய்துகொள்ளத் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் நிற்பதைப் பற்றிய கதை அது.

பிள்ளையார்பட்டி கற்பக விநாயகர் குன்றைக் குடைந்து செதுக்கப்பட்டவர். இரண்டே கை, வலம்புரித் துதிக்கை, வடக்குப் பார்த்த முகம். மலையோடு மலையாக இருப்பதால் இவரை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. ஆனால் நம் சட்டத்தின் கண்ணில் இவரும் மற்ற சாமிகளைப் போலத்தான். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், இவர்மேலும் வழக்குப் போடலாம். வாய் திறந்து பேச முடியாது என்பதால் சட்டம் சாமியை மைனராகப் பாவிக்கிறது. அப்பத்தாவும் இப்போது அதே வரிசையில் நிற்கிறார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 32 முதலில் மைனர்களைப் பற்றிப் பேசுகிறது. அதன் 15-ஆம் விதி, மனநலக் குறைவால் தன் நலனைக் காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் அது பொருந்தும் என்கிறது. இவர்களுக்காக வழக்குத் தொடுப்பவருக்குச் சட்டம் வைத்த பெயர் ‘நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்’, பக்கத்தில் நிற்கும் நண்பர்.

இந்த நண்பர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுதான் நூறு வருஷமாக நடக்கும் வாதம். கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தார் வீட்டுச் சாமியை முறை வைத்துக் கும்பிட்டார்கள். தன் முறை வரும்போது சாமியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று சண்டை வந்தது. 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில், சாமி ஒன்றும் மேசை நாற்காலி மாதிரி அசையும் சொத்து இல்லை, அதற்கென்று ஒரு விருப்பம் உண்டு, அதை மதிக்க வேண்டும் என்றது. அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல, சண்டையில் பங்கில்லாத ஒருவரை நியமிக்கவும் சொன்னது. சாமியைப் பூசித்த குடும்பத்தாரை அந்த இடத்துக்கு நம்பவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம், சாமியின் நிர்வாகியே அதன் நலனுக்கு எதிராகப் போனால், கும்பிட வரும் ஒரு பக்தரே சாமிக்காக வழக்குப் போடலாம் என்றது.

தஞ்சைப் பக்கத்துப் பத்தூர் வழக்கு இன்னும் விசேஷமானது. 1976-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் கால நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-இல் அவரை வாங்கியது ஒரு கனடா நிறுவனம். லண்டன் நீதிமன்றத்தில் உரிமை கோரியவர்களில் இந்திய அரசும் தமிழக அரசும் இருந்தன. இடிந்து கிடந்த அந்தக் கோயிலும் ஒரு வாதியாக நின்றது. கோயிலை ஓர் ஆளாகக் கருதும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்தில் கிடையாது. ஆனாலும் இந்தியச் சட்டப்படி ஆளாக இருப்பதை நாங்களும் ஆளாக ஏற்போம் என்று 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் நடராசர் இந்தியா திரும்பினார். கோயில் சார்பில் அங்கே நின்றவரின் பதவிக்குத் தமிழில் ‘தக்கார்’ என்று பெயர்.

சிவகங்கைப் பக்கம் எந்தக் கும்பாபிஷேகப் பத்திரிகையை எடுத்தாலும் அடியில் இந்தச் சொல் இருக்கும்: செயல் அலுவலர், தக்கார். அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை நியமிப்பவர். ஆங்கிலத்தின் ‘ஃபிட் பெர்சன்’ என்பதற்கு யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொல்லைத் தேர்ந்திருக்கிறார். வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்திலும் இதை ஆண்டிருக்கிறார். ஆர்டர் 32-இன் 4-ஆம் விதி கேட்பதும் அதுதான்: நிற்பவரின் நலன், யாருக்காக நிற்கிறாரோ அவருடைய நலனுக்கு எதிராக இருக்கக் கூடாது.

இப்போது கந்தசாமிப் பிள்ளையைப் பார்ப்போம். சென்னையில் வழி தெரியாமல் நிற்கும் கடவுளைப் பக்கத்திலிருந்து நடத்திப்போகும் நண்பர் அவர். காப்பி வாங்கிக் குடிக்கிறார்கள், காசு கடவுளுடையது. தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பிடிக்கிறார். கைலாசபுரத்து உறவுக்காரர் என்று வீட்டில் அறிமுகம் செய்கிறார். பிழைக்க நடனமாடலாம் என்று முடிவானதும் ஒரு திவான் பகதூரிடம் கூட்டிப்போகிறார். கலை ரசிகரான அவரோ, ஆதி நடனக்காரர் ஆடுவது நடனமே இல்லை என்கிறார்.

இந்தக் கதையில் எல்லோரும் கடவுளுக்கு அவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 4-ஆம் விதிப்படி பார்த்தால், சந்தாவுக்கு அலையும் பிள்ளை முதல் நாளே தகுதி இழக்கிறார். ஆனாலும் புதுமைப்பித்தன் அவரை வில்லனாக்கவில்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. பிள்ளை தன் காரியத்தைத் தன் காரியம் என்று தெரிந்தே செய்கிறார். இது உம்முடைய விருப்பம் ஐயா என்று கடவுளின் வாயில் வார்த்தையைத் திணிப்பதில்லை. திவான் பகதூர்தான் அதைச் செய்கிறார், அதுவும் கலையின் பேரால். குழந்தை வள்ளிக்கு இந்தக் கவலையே கிடையாது. அவள் நிஜமான மைனர், கடவுளோ சட்டப்படி மைனர். இரண்டு மைனர்களும் விளையாடுகிறார்கள், யாரும் யாருக்காகவும் பேச வேண்டியிருக்கவில்லை.

பேசாதவருக்காகப் பேசுவது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை நம் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. அயோத்தியில் ராம் லல்லாவின் பெயரால், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ‘நெக்ஸ்ட் ஃப்ரெண்ட்’ ஆக நின்று 1989-இல் வழக்குப் போட்டார். 2019-இல் தீர்ப்பு அந்த வழக்குக்குச் சாதகமாக வந்தது. தீர்ப்பின் நியாயத்தை இங்கே பேச வரவில்லை. ஆனால் அந்த வழக்கைச் சுற்றி ‘ராமர் விரும்புகிறார்’ என்று எத்தனை குரல்கள் எழுந்தன என்பது நமக்குத் தெரியும். நான் விரும்புகிறேன் என்று சொன்னால் எதிர்த்துப் பேசலாம். அவர் விரும்புகிறார் என்று சொல்லிவிட்டால் யாரோடு பேசுவது?

இதற்குச் சட்டம் தன்னால் ஆன தடுப்புகளை வைத்திருக்கிறது. நீதிமன்ற அனுமதியின்றி நண்பர் சமரசம் செய்யக் கூடாது என்கிறது 7-ஆம் விதி. எனக்குப் பிடித்தது 12-ஆம் விதி. மைனருக்கு வயது வந்ததும், தன் பெயரில் நடந்த வழக்கைத் தொடர்வதா கைவிடுவதா என்று அவரே முடிவெடுக்கலாம். ஒருநாள் அவர் திரும்பி, ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லக்கூடும் என்ற பயம்தான் நண்பரை ஒழுங்காக வைத்திருக்கும். பிள்ளையாருக்கு அந்த வயது வராது. அப்பத்தாவுக்கு அது வந்து, போய்விட்டது. அப்படியானால் அந்த ‘வேண்டாம்’ என்ற வார்த்தைக்கான இடத்தைப் பக்கத்தில் நிற்பவர்தான் காலியாக வைத்திருக்க வேண்டும்.

அப்பத்தாவுக்கு நினைவு இருந்த காலத்தில் அந்த வீட்டைப் பற்றி இரண்டும் பேசியிருக்கிறார். மழைக்கு ஓடு மாற்றி மாளலை, தொலைச்சுத் தலைமுழுகுங்க என்பார். மறுநாளே வளவில் உட்கார்ந்து, நான் இங்கனதான் சாகணும் என்பார். இதில் எது விருப்பம்?

மறுநாள் வக்கீலிடம் மூன்றாவது பத்தியை மாற்றச் சொன்னேன். "‘விருப்பம்’கிற வார்த்தைய எடுத்துருங்க சார். அவங்க மருத்துவச் செலவுக்குப் பணம் தேவை, அதுக்காக நான் அனுமதி கேக்குறேன்னு போடுங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கோர்ட்ல ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றார். இருக்கலாம். புதிதாக டைப் அடித்து வந்த பத்திரத்தில் ‘நான்’ என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.