புறநானூற்று முதியவரின் கையறுநிலை

புறநானூற்றின் 243-ஆம் பாடலை இளமை நிலையாமை கூறும் பாட்டு என்று சொல்லிக் கடந்துவிடுவது உரைகாரர் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. பாடியவரின் இயற்பெயரும் தெரியவில்லை; பாட்டில் வரும் பூண் கட்டிய ஊன்றுகோலே தொடித்தலை விழுத்தண்டினார் என அவருக்குப் பெயராயிற்று. நிலையாமையினும் கூரிய ஒன்றை இப்பாட்டுச் சொல்வதாக நாம் கருதுகிறோம்.

முதியவர் போன ஆண்டுகளை எண்ணவில்லை. செய்த செயல்களை எண்ணுகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, பொய்கையாடும் மகளிரோடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதக் கிளையேறிக் கரையில் நிற்போர் மருளக் குதித்து மடுவின் அடிமணலை அள்ளி வந்தது. எல்லாம் கையும் காலும் செய்தவை. இன்று அவருக்கு எஞ்சியவை கோலும், நடுக்கமும், இருமலுக்கிடையே வரும் சில சொற்களும். அள்ளிப் பழகிய கைக்குக் கோலைப் பற்றுவதே வேலை. பாட்டின் பிற்பகுதியில் தோழரும் இல்லை. கரையில் நின்றோரும் இல்லை.

துறை வகுத்த பழையோர் இதனைக் கையறுநிலை என்றனர். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் புலம்பும் துறை அது. இங்கோ இறந்தவர் எவருமிலர். உயிரோடிருப்பவர் தமக்கே இரங்கல் பாடுகிறார். துறை வகுத்தவரின் நுண்ணறிவை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை.

குளித்தல், உடுத்தல், கழிப்பிடம் செல்லல், எழுந்து இடம்பெயர்தல், மலசலம் அடக்கல், உண்ணல் என்னும் ஆறனைக் கொண்டு முதியோர் நிலையை அளக்கும் முறையை மருத்துவர் காட்ஸ் 1963-இல் வெளியிட்டார். இவை குன்றக் குன்ற மனச்சோர்வு மிகுவதையும், சோர்ந்த மனம் செயலை மேலும் குறைப்பதையும் பின்வந்த ஆய்வுகள் கண்டன. கடைக்குப் போதல், பணம் கையாளல், தொலைபேசியில் பேசல் முதலியவற்றை லாட்டன், பிரோடி இருவரும் 1969-இல் அளவுகோலாக்கினர்.

இந்த இரண்டாம் பட்டியலே தில்லித் தமிழர் வீடுகளுக்கு நெருக்கமானது. ஊரில் தாமே சந்தைக்குப் போய்ப் பேரம் பேசிய தாயார், இங்கே அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், காய்கறி வண்டிக்காரனின் இந்தி புரியாமல், கால் நன்றாயிருந்தும் கையற்றுப் போகிறார். “சும்மா உட்காருங்கள் அம்மா” என்று பிள்ளை சொல்வது அன்பினால்தான். இருந்த ஒரு வேலையும் அதனோடு போகிறது.

பிசிராந்தையாரின் 191-ஆம் பாடலை இதனருகே வைத்துப் படிக்கவேண்டும். ஆண்டு பலவாகியும் நரையில்லாமைக்கு அவர் உடல்வலிவைக் காரணமாகச் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என்று சொல்லிவந்து, தம் ஊரில் வாழும் சான்றோரைக் கடைசியில் வைக்கிறார். தில்லிக்கு வந்த முதியோர்க்கு மக்கள் அருகிருக்கிறார்கள். அந்த ஊர்தான் இல்லை.