வரியை எங்கே உடைப்பது?

ராபின் வில்லியம்ஸ் என்றதும் நடிகரை நினைக்க வேண்டாம். இவர் பக்க வடிவமைப்பைப் பற்றி எழுதும் பெண். 1994இல் வெளிவந்த ‘தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்’ என்ற இவரது நூல், வடிவமைப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கானது. புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ் இதழ்களுக்குப் பக்கம் கட்டுபவர்களில் பெரும்பாலோர் அந்த வகையினர்தான். பகலில் கணினி ஆலோசகனாக இருக்கும் நானும் அப்படியே.

நூலின் தொடக்கத்தில் ஒரு சம்பவம். மரங்களைப் பற்றிய புத்தகமொன்றில் ஜோஷுவா மரத்தைப் பார்த்து, ‘இது எங்கள் பக்கம் கிடையாது’ என்று நினைக்கிறார். வெளியே வந்தால், பெரும்பாலான வீடுகளின் முன்னால் அதே மரம். பெயர் தெரிந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. முரண், மீள்வருகை, நேர்வரிசை, அண்மை என்று அவர் சொல்லும் நான்கு விதிகளும் அப்படித்தான் வேலை செய்கின்றன. எதையும் நடுவில் நிறுத்திவிடும் பழக்கத்தை அவர் சாடும் பக்கங்களை நம் கவிதைப் பக்கங்களுக்குப் பொறுப்பானவர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். நடுவில் நிறுத்திய கவிதையில், அடுத்த வரி எங்கே தொடங்குகிறதென்று கண் ஒவ்வொரு முறையும் தேடவேண்டியிருக்கிறது. பின்னணியில் ரோஜாப்பூ வேறு!

ஆனால் தமிழ் வரிக்குள் நுழைந்ததும் இந்த நூல் கைவிட்டுவிடுகிறது. அது ஆங்கிலத்துக்கு எழுதப்பட்டது, குற்றமில்லை. 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரியிடைவெளி என்பது மென்பொருள் தானாகத் தரும் கணக்கு. மேலே சுழிக்கும் ‘கீ’யும் கீழே இறங்கும் ‘ழு’வும் அதில் இடித்துக்கொள்கின்றன. 14ஆவது வேண்டும் என்பேன்.

பெரிய சிக்கல் சொல்லின் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ வரியில் அடங்காமல் கீழே போனால், மிஞ்சிய மூன்று சொற்களையும் இழுத்து இரு ஓரத்தையும் நேராக்குகிறது மென்பொருள். பத்தி நடுவே வெள்ளை ஓடைகள். ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள் சொல்லை உடைத்தார்கள், பெரும்பாலும் இணைகோடு கூட இல்லாமல். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தார்கள். நாம் அவர்களுடைய நேர் ஓரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு விலையாக அவர்கள் செய்த உடைப்பை விட்டுவிட்டோம்.

மீண்டும் உடைக்கலாமே என்று கேட்கலாம். அன்றைய வாசகர் தமிழிலேயே படித்து வளர்ந்தவர்; அரைச்சொல்லைக் கண்டதும் மீதியை ஊகித்துவிடுவார். வாரம் ஒருநாள் தமிழ்ப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டி வாசிக்கும் நம் பிள்ளைக்கு அந்தத் துண்டு ஒரு தெரியாத சொல். ஆகவே இடது ஓரத்தை நேராக்கி, வலது ஓரத்தை விட்டுவிடுவதே நமக்குச் சரி. பார்ப்பதற்கு முடிக்காத வேலை போல இருக்கிறது என்று ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அது கண் பழகும் வரைதான். மின்னிதழும் நடத்துபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: அச்சுக்காகக் கையால் இணைகோடு போட்டு உடைத்த சொல், கைபேசியில் வரியின் நடுவே இரண்டு துண்டாகவே நிற்கும்.