கிழக்கில் ஒரு மலை

காரமடையில் நின்று பாருங்கள். மேற்கே மலை, கிழக்கே சமவெளி. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வருகிற பவானியும் கிழக்கே ஓடித்தான் காவிரியில் சேருது. மேல், மேற்கு, கீழ், கிழக்கு. தமிழில் திசை என்பதே நிலத்தின் சரிவுதான்.

1856இல் வந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைக் கவனித்தார். கேரளத்தில் மலை இருப்பது கிழக்கே. ஆனாலும் அந்த உயரமான திசைக்கு அங்கேயும் பெயர் 'கிழக்கு'தான். மேற்கு மட்டும் ஞாயிறு படிகிற 'படிஞ்ஞாறு'. ஆக, 'கிழக்கு' மலைக்கு இந்தப் பக்கம் பிறந்த சொல் என்பது அவர் வாதம். அவர் தேடியது மொழியின் பூர்விகம். எனக்குப் படுவது வேற: தரை தலைகீழானாலும் சொல் அப்படியே நிக்குது.

ஆங்கிலத்து 'அப்', 'டவுன்' மாதிரி இவையும் பல வேலை பார்க்கும். 'மேலுக்கு முடியலீங்க' என்றால் உடம்பு. 'இனிமேல்' என்றால் காலம். 'மேல்முறையீடு' என்றால் கோர்ட்டு. 'கீழ்' பக்கம் வந்தால்? கீழ்ப்படி, கீழ்த்தரம். பங்கு பிரித்ததிலேயே ஓரவஞ்சனை.

அப்புறம்தான் 'மேல்சாதி', 'கீழ்சாதி'. மனுசங்க நிற்கிற தரையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இல்லாத சரிவை அந்தச் சொல்லே கட்டுகிறது. கட்டிவிட்டு, மலை ஆறு மாதிரி இயற்கையாக ஒலிக்கிறது. அதுதான் அதன் தந்திரம்.

'கீழ்' என்று பெயர் வைத்ததால் எதுவும் தாழ்ந்துவிடாது. கேரளத்தில் அந்தப் பெயரோடு நிற்பது ஒரு மலைத்தொடர்.